பிளேடக்கா சேர்த்து வைத்த மூச்சு

இது நடந்த கதை. நூற்றுக்கு நூறு உண்மை. நம்பாதவர்களுக்கு அடித்துச் சத்தியம் செய்து தரலாம். அதற்கென்றே லைட்காரர் தலை பக்கத்தில் இருக்கிறது; முடியும் இல்லை, அடிக்க வசதி.

சரி, நூற்றுக்குத் தொண்ணூறு. மீதிப் பத்தை மட்டும் கொஞ்சம் இழுத்து நீட்டியிருக்கிறது. அதற்கு மேல் இழுக்க வழியில்லை. கதையில் வரும் பிளேடக்காவின் வீட்டுக்காரர், இந்த டிவி நிலையத்தின் லிப்டுக்காரர், இதோ எதிர் பெஞ்சில் டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு முழம் கூடினாலும் இருமுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் உடை தைக்கும் டெய்லர். அவரும் கதையில் ஓர் ஓரமாக வருகிறார்.

பிளேடக்கா என்றதும் பேசியே ஆளை அறுப்பவள் என்று நினைக்க வேண்டாம். அந்த வேலை இப்போது இங்கே நடக்கிறதே, அதோடு சரி. அக்கா நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். பாட்டுப் பதிவு செய்யும் கம்பெனியில் டேப்பை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஓர் அறை. உள்ளே இரண்டு பேர் இருந்தால், ஒருவர் மூச்சை விட்ட பிறகுதான் இன்னொருவர் இழுக்க முடியும், அவ்வளவு விசாலம். இரண்டு டேப் மெஷின், ஒரு ஸ்பீக்கர், டேப்பைக் கிடத்தி அறுக்க ஓர் உலோகக் கட்டை, ஒரு சவரப் பிளேடு. பாடியவர்களின் இருமல், செருமல், பாட்டு நடுவில் வயிறு போட்ட சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவாள். வெட்டும்போது கை ஆடக் கூடாது என்று தன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

அக்காவுக்கு முப்பது வயது நடந்தபோது அந்தப் பெண் பாட வந்தாள். பதினெட்டு வயது, குச்சி உடம்பு. ஆனால் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் நிற்கும் பஸ் தானாக ஸ்டார்ட் ஆகும். (லிப்டுக்காரர் இருமுகிறார். சரி, ஸ்கூட்டர்.) அக்கா அவளைப் பாப்பா என்று கூப்பிட்டாள். இன்றைக்கும் பாப்பாதான்.

கம்பெனி முதலாளிக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது.

"மூச்சு விட்டா மனுஷி. விடலன்னா அதிசயம். ஊர்ல மனுஷிங்க நெறைய இருக்காங்க" என்றார்.

பாப்பாவின் முதல் பாட்டில் ஒரு வரி, ஒரு நிமிஷம் நீளம். நடுவில் நிறுத்தமே கிடையாது. மாடு பாடினாலும் முடியாது, மலைப்பாம்பு பாடினாலும் முடியாது. அவள் அதை எட்டுத் துண்டாகப் பாடினாள். துண்டுக்குத் துண்டு நடுவே ஒரு மூச்சு, ஆக ஏழு மூச்சு. அக்கா ஏழையும் அறுத்தெடுத்து, ஒரு துண்டின் வாலை அடுத்த துண்டின் தலையோடு ஒட்டினாள். வாத்தியக்காரர்கள் அதன் மேல் வாசித்தார்கள்.

பாட்டு வெளிவந்தது. ஊரே வாயைப் பிளந்தது. கூடவே பாடுகிறேன் என்று வீட்டுக்கு வீடு மூச்சைப் பிடித்து நீலம் பாரித்தார்கள். ஒரு பல் டாக்டர், பல்லைப் பிடுங்க வந்த ஆளோடு சேர்ந்து மயங்கி விழுந்தார். (இருமல். சரி, டாக்டர் மட்டும்.) பத்திரிகைக்காரர்கள் 'மூச்சில்லா மகாராணி' என்று பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பாடிய எந்தப் பாட்டிலும் மூச்சு இருக்கக் கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

அக்காவின் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியதை உடனே எறியக் கூடாது. முதலாளி நாளைக்கே மனசு மாறி 'அதைத் திருப்பி ஒட்டு' என்பார். அதனால் அறுத்த துண்டுகளை ஒரு கயிற்றில், துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவாள். பாட்டு கடைக்குப் போனதும் எல்லாம் குப்பைக் கூடைக்கு. மற்றவர்கள் இருமலும் செருமலும் அப்படித்தான் போயின. பாப்பாவின் ஏழு துண்டு மட்டும் கூடைக்குப் போகவில்லை.

"ஒரு பொண்ணோட மூச்சுங்க அது. குப்பைல எப்படிப் போடறது?" என்று வீட்டில் கேட்டாள்.

"என் தலமுடிய மட்டும் தெனமும் பெருக்கித் தள்ற, அது எந்த ஊர் நியாயம்?" என்றார் லிப்டுக்காரர்.

அந்த ஏழையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு ரீலில் சுற்றினாள். அடுத்த பாட்டின் மூச்சுகளை அதன் வாலில் ஒட்டினாள். பிறகு அதற்கடுத்த பாட்டு. பெட்டியின் மேல் பென்சிலால் 'பாப்பா' என்று மட்டும் எழுதி வைத்தாள். பின்னால் கம்ப்யூட்டர் வந்து பிளேடுக்கு ஓய்வு கொடுத்தபோதும், அழிக்கிற ஒவ்வொரு மூச்சையும் முதலில் அந்த ரீலில் பதிந்துகொண்டுதான் அழித்தாள். முப்பது வருஷம், மூவாயிரம் பாட்டு. (சரி ஐயா, முந்நூறு.) ரீல் நாற்பது நிமிஷத்துக்கு வளர்ந்தது. சொல் கிடையாது, ராகம் கிடையாது. நாற்பது நிமிஷமும் ஒரு பெண் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பாள்.

பத்தாவது வருஷம் ஒரு முற்பகலில் அக்கா அதை முதன்முதலாக ஓடவிட்டுக் கேட்டாள். பெருக்கும் அம்மா கதவு வரைக்கும் வந்து, துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"உள்ள யாரோ படுத்திருக்காங்க. எழுப்பாதீங்க" என்று வாசலில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள்.

அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். ஸ்பீக்கருக்கு எதிரே இருந்த கண்ணாடியில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. படிந்தது, கலைந்தது. மறுபடி படிந்தது. வெளியில் நல்ல வெயில். கைக்குட்டையால் துடைத்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். அதற்குப் பிறகு ரீலை ஓடவிட்டுக் கேட்கவில்லை. வாலில் ஒட்டுவதோடு சரி.

வருஷத்துக்கு ஒரு தடவை இந்த நிலையத்தில் பாப்பாவின் சிறப்பு நிகழ்ச்சி நடக்கும். ஆறாவது மாடி அரங்கம், ஆயிரம் விளக்கு. பாட்டு டேப்பில் ஓடும், அவள் வாய் மட்டும் அசைப்பாள். எல்லோரும் செய்வதுதான், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூச்சில்லா மகாராணி வாயசைக்கும்போதும் மூச்சு தெரியக் கூடாதே. முதல் சில வருஷம் கேமரா டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பும்போது திருட்டுத்தனமாக இழுத்துக்கொள்வாள். பிறகு அதையும் விட்டாள். கேமராக்காரர் அவள் கழுத்துச் சங்கிலியை அருகில் போய் எடுத்துவிட்டு, "இது போட்டோவா வீடியோவா?" என்று தன் மெஷினையே தட்டிப் பார்த்தார்.

டெய்லர் அவளுக்கு அளவெடுத்த கதையை அவர் வாயாலேயே எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

"மூச்சப் பிடிக்காதீங்கம்மா, சாதாரணமா விடுங்கன்னேன். விட்டுட்டுத்தாங்க நிக்கிறேன்னாங்க. டேப் ஒரு நூல் அசையல. நானும் எவ்வளவு நேரம்தான் பாக்கறது? தோராயமா தச்சுக் குடுத்துட்டேன்."

முப்பதாவது வருஷம் ஒரு புதுப் பாட்டுத் தொகுப்பு பதிவானது. பத்துப் பாட்டு. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூச்சைத் தேடினாள். வழக்கமாக நூற்றைம்பது கிடைக்கும். அன்றைக்குப் பத்துப் பாட்டிலும் சேர்த்து மூன்று கிடைத்தன. அந்த மூன்றும் நூல் மாதிரி. மீதி இடமெல்லாம் வெறுமை. அவள் வெட்டிய பிறகு எப்படி இருக்குமோ, வெட்டுவதற்கு முன்னாலேயே அப்படி இருந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, மதியத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"எனக்கில்ல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து இங்கே ஒரு புதுப் புரொடியூசர் வந்து சேர்ந்தார். சும்மா இருக்கமாட்டார், துறுதுறு ஆள். முப்பதாவது வருஷச் சிறப்பு நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு, டேப் கிடையாது, ஒரே மைக், அந்த ஒரு நிமிஷ வரி ஒரே மூச்சில் என்று ஊரெல்லாம் போஸ்டர் அடித்துவிட்டார். பாப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

போஸ்டரைப் பார்த்துத்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அந்த வரி ஒரே மூச்சில் ஒருநாளும் பாடப்பட்டதில்லை. அது தெரிந்த முதலாளி செத்துப்போனார். உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்தி. பாப்பா நேரடியாக முயன்றால் மேடையிலேயே விழுவாள், எழுந்திருக்கவும் மாட்டாள். நிகழ்ச்சி அன்றைக்கு மத்தியானம் ரீல் பெட்டியையும் ஒரு சின்ன மெஷினையும் தூக்கிக்கொண்டு லிப்டுக்கு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட மூட்டைய தூக்கிட்டு?" என்றார் லிப்டுக்காரர்.

"ஆறாவது மாடி."

"பாஸ் இருக்கா?"

"முப்பது வருஷமா உங்க கூடக் குடும்பம் நடத்தறேன், அது பத்தாதா?"

"அது மூணாவது மாடி வரைக்கும்தான் செல்லும்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசாமல் ஆறை அழுத்தினார்.

ஒப்பனை அறையில் பாப்பா தனியாக இருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கண்ணாடியைச் சுற்றி விளக்கு, நடுவில் அவள் முகம், பொம்மைக் கடை பொம்மை மாதிரி அசையாமல்.

"அக்கா! வாங்க. எத்தன வருஷமாச்சு, ஒரு நிகழ்ச்சிக்காவது வந்தீங்களா?"

"பாப்பா, அந்த வரிய இன்னைக்குப் பாடாத."

"ஏன்? நான் எப்பவும் பாடறதுதான?"

"எப்பவும் பாடல. ஒரு தடவகூடப் பாடல. எட்டுத் துண்டா பாடின. நான்தான் ஒட்டினேன்."

பாப்பா சிரித்தாள். "என்னக்கா சொல்றீங்க? முப்பது வருஷமா கேக்கறேன், அதுல எங்க மூச்சு இருக்கு?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குக் குளிரெடுத்தது. பாப்பா தன் குரலை வெளியிலிருந்து கேட்டது ரெக்கார்டில் மட்டும்தான். அதைக் கேட்டுக் கேட்டு, வாயசைத்து வாயசைத்து, உடம்பே அப்படித்தான் என்று நம்பிவிட்டது.

அக்கா ரீலை மாட்டி ஓடவிட்டாள். அறை முழுக்க ஒரு சின்னப் பெண் மூச்சை இழுத்தாள்.

"யாருக்கா இது?" என்றாள் பாப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீதான்."

"நான் இல்ல. இது யாரோ... இது உயிரோட இருக்கற பொண்ணு."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மெஷினை நிறுத்தினாள். மேஜை மேல் இருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவள் உதட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஊது கண்ணு."

பாப்பா ஊதினாள். கன்னம் உப்பியது, உதடு குவிந்தது. கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மறுபடி ஊதினாள். அதே.

"அக்கா, எங்க இழுக்கணும், எங்க விடணும்னு எனக்கு மறந்துபோச்சு" என்றாள். பதினெட்டு வயதில் முதல் நாள் பேசிய குரல் அது. "நிகழ்ச்சிய நிறுத்த முடியாது. அவங்க என்னத் தேடி வந்திருக்காங்க. பாடலன்னா நான் யாரு?"

"நான்தாண்டி எடுத்தேன்" என்றாள் அக்கா. "ஒவ்வொண்ணா எடுத்தேன்."

கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் தொழிலுக்குத் திரும்பினாள். அந்த ஏழு மூச்சும் ரீலின் தலையிலேயே வரிசையாக இருக்கின்றன. பாடுகிறவர்கள் தாளம் கேட்க மேடையில் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். மெஷினை அதில் இணைத்து, எந்த இடத்தில் மூச்சு வேண்டுமோ அந்த இடத்தில் அவளுடைய பழைய மூச்சை ஓடவிடுவது. காதில் கேட்டால் உடம்புக்கு ஞாபகம் வந்து, தானும் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை என்று லிப்டுக்காரரிடம் பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்து வழிந்தது. மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் அக்கா மெஷின் பட்டன் மேல் விரலை வைத்து உட்கார்ந்தாள். பாப்பா அந்த வரியைத் தொடங்கினாள். முதல் துண்டு முடியும் இடம். அக்கா அழுத்தினாள். காலடி ஸ்பீக்கரில் அந்தச் சின்ன மூச்சு கேட்டது.

பாப்பாவின் வாய் திறக்கவில்லை. மார்பு ஏறவில்லை. ஆனால் அடுத்த துண்டு வந்தது, புதுத் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி. குரல் நாற்பத்தெட்டு வயதுக் குரல் இல்லை.

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் மூச்சு போனது, அவள் குரலில் வந்தது. கூட்டத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. நாலாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். (நானூறு. இருமியே செத்துப்போகாதீர்கள்.) ஐந்தாவதில் அக்காவின் விரலில் குளிர் ஏறியது. மெஷின் முன்னால் ஜில்லென்று இருந்தது, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி. ஏழாவதையும் அழுத்தினாள். வரி முடிந்தது. கைதட்டலில் மேற்கூரை ஒரு அடி எழும்பி இறங்கியது. இதற்கு லிப்டுக்காரரும் இருமமாட்டார், அவர் ஐந்தாவது மாடியில் நின்று கேட்டார்.

அக்கா ரீலைப் பின்னால் சுற்றி முதல் மூச்சை மறுபடி ஓடவிட்டாள். டேப் ஓடியது. மெஷினில் சத்தம் காட்டும் முள் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஏழு இடமும் வெறுமை. எட்டாவதிலிருந்து பழையபடி ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

பாப்பா மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடியிருந்தது. அவள் பார்த்தது அக்காவை அல்ல, ரீலை.

"மிச்சம் எவ்வளவு இருக்குக்கா?"

"முப்பத்தொம்பது நிமிஷம் சொச்சம்."

"எனக்குக் குடுத்துடுங்க."

அக்காவின் கை பெட்டியை விடவில்லை. முப்பது வருஷம் அவள் சேர்த்தது அது ஒன்றுதான். பாப்பா கெஞ்சவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. சும்மா நின்றாள், மூச்சு விடாமல். கடைசியில் அக்காவே கொடுத்துவிட்டாள். மெஷினையும் சேர்த்து.

இது நடந்து எட்டு மாசம் ஆகிறது. பாப்பா அதற்குப் பிறகு ஒரு பாட்டும் பதியவில்லை, டிவியில் முகம் காட்டவில்லை. அவள் தெருவில் தபால் கொடுக்கிறவர் சொல்கிறார்: நட்ட நடுப் பகலில் அந்த வீட்டு ஜன்னல்கள் உள்பக்கம் ஆவி பூத்து வெளுத்திருக்கின்றன; உள்ளே ஒரு மெஷின் கொஞ்ச நேரம் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. வாரம் ஒரு தடவை அக்காவுக்கு போன் வரும். நேற்று வந்த போனில் ஒரே வாக்கியம். "அக்கா, தீரப்போகுது."

"நேத்து இல்ல, முந்தாநாளு" என்றார் லிப்டுக்காரர்.

"நாப்பது நிமிஷ மூச்ச வச்சு எட்டு மாசம் எப்படிய்யா ஓட்ட முடியும்?" என்று லைட்காரர் ஆரம்பித்தார். "எனக்கு மாடி ஏறவே பத்தாது."

"நீ சிகரெட் ஊதற. அவங்க சிக்கனமா பாத்துப் பாத்து எடுப்பாங்க" என்றார் டெய்லர்.

"தீந்தா ஒண்ணும் கவலையில்ல" என்றார் லிப்டுக்காரர், டீ டம்ளரைக் கீழே வைத்து. "நிகழ்ச்சிக்கு முன்னாடியே அவ ரீல ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கா. எங்க வீட்டு அலமாரில இருக்கு."

"காப்பி எடுத்தா பாட்டு வரும், மூச்சு எப்படிய்யா வரும்? ஜெராக்ஸ் எடுத்த சோத்தத் தின்னா பசியாறுமா?"

"சத்தம் ஒண்ணுதான டெய்லரே?"

"சத்தம் ஒண்ணுன்னா, காலியான ஏழ திருப்பிப் போட்டுப் பாத்தாங்களே, ஏன் வரல?"

"காலியான அந்த ஏழுக்கும் சேத்து இப்ப நெரப்பியாச்சு" என்றார் லிப்டுக்காரர். "ஏழு என்ன, எழுபது ஆச்சு. தெனம் மைக்க வாய்கிட்ட வச்சு அவளோட மூச்சையே புடிச்சு காப்பி ரீலோட வால்ல ஒட்டிக்கிட்டிருக்கா. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறா."



"யாருது? உங்க வீட்டம்மாவோடதா?" டெய்லர் எழுந்துவிட்டார். "அவங்க இப்ப எப்படிய்யா இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா. இன்னும் சொல்லப்போனா நிம்மதி. முப்பது வருஷமா விட்ட குறட்டைய ஒரு வாரமா விடறதே இல்ல."

"குறட்டை விடலையா? அட மூளகெட்ட மனுஷா, மூச்சு விடறாங்களான்னு பாத்தியா?"

"யாரப் பாத்து மூளகெட்டவன்ற? முப்பது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டு வர்றவன் நான்!"

"அதான் சொல்றேன், ஒரு எடத்துலயும் எறங்கல நீ!"

"ரெண்டு பேரும் உக்காருங்கய்யா, இது கட்டுக்கதை" என்றார் லைட்காரர்.

"என் பொண்டாட்டி கட்டுக்கதையா?" என்று லிப்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். டெய்லர் லிப்டுக்காரர் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார், வீட்டுக்குப் போய்ப் பாரு, மொதல்ல ஒரு கண்ணாடிய எடுத்துட்டுப் போய்ப் பாரு என்று கத்திக்கொண்டே. பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது, டீ ஒரு பக்கம் கொட்டியது, மேலே ஆறாவது மாடியில் யாரோ லிப்டு மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.